நாலு மணிக்குள் ஒரு சொல்

"அக்கா! டோக்கன் அக்கா! எங்க வீட்டு நெட்டு செத்துப்போச்சுக்கா!"

ஆள் வாசலுக்கு வருவதற்கு முன்பே குரல் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த டோக்கன் அக்கா, கையிலிருந்த தட்டையும் துடைத்து வைத்துவிட்டுத்தான் திரும்பினார். ரயில் நிலையத்தில், பயணிகள் தொலைத்த பொருள்களை வாங்கி வைக்கும் அறையில் அவருக்கு வேலை. குடையோ, கோட்டோ, குழந்தையின் ஒற்றைச் செருப்போ, எது வந்தாலும் ஒரு டோக்கன் கட்டித் தொங்கவிடுவார். பொருளைப் பார்த்தே தொலைத்தவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுவார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதனால் அக்கம்பக்கத்தில் எது காணாமல் போனாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

வந்து நின்றவர் அடுத்த தெரு கிரேன்காரம்மா. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஒரு காலில் அவருடைய செருப்பு, இன்னொரு காலில் அவர் கணவருடைய செருப்பு.

"உக்காரும்மா. தண்ணி குடி."

"உக்கார நேரமில்லக்கா. நாலு மணிக்கு இன்டர்வியூ!"

விஷயம் தெருவுக்கே தெரிந்ததுதான். ஆறு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, இரும்புக் கட்டுகளைப் பூவை வைப்பதுபோல இறக்கிவைத்த கைகள் அவருடையவை. அவர் வேலை பார்த்த கிடங்கை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து மாமியாரோடு நின்று ஊரார் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்ட ஒரே ஒரு ஆள் எடுக்கிறார்கள். பேச்சும் பரீட்சையும் எல்லாம் வீட்டு டேப்லெட்டின் திரையிலேயே.

"நாலு மணிக்கு லிங்க் திறக்கும். கொஞ்ச நேரம் பாப்பாங்க. நான் உள்ள போகலைன்னா அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. இந்த வேலையை விட்டா, மறுபடி எப்ப ஆள் எடுப்பாங்கன்னு அவங்களுக்கே தெரியாது."

உள்ளேயிருந்து ஓர் ஆள் பாய்ந்து வந்தான். டோக்கன் அக்காவின் கொழுந்தன். தெருமுனையில் செல்போன் உறையும் கண்ணாடியும் விற்கும் கடை வைத்திருக்கிறான். தீக்குச்சியைக் காட்டுவதற்கு முன்பே பறந்துவிடுவான் என்பதால் அவனுக்கு ராக்கெட் என்று பெயர்.

"அண்ணி, கிளம்புங்க! அக்கா, போன் டேட்டா போட்டுப் பாத்தீங்களா?"

"எங்க தெருவுல சிக்னல் ஒரு கோடு வந்தாலே அதிசயம். பேசினாலே கட்டாகுது, இதுல வீடியோ எங்க?"

"வேற யார் வீட்டுலயாவது போய் உக்காரலாமே?"

"முடியாது தம்பி. எந்த ரூம்ல உக்காருவேன்னு போட்டோ புடிச்சு அனுப்பச் சொன்னாங்க. அனுப்பியாச்சு. அந்த ரூம், அந்தச் சுவரு, கதவு சாத்தியிருக்கணும். மாறினா காப்பியடிக்கிறோம்னு நெனப்பாங்களாம்."

"நெட் கம்பெனி?"

"ஞாயித்துக்கிழமை. போன் அடிச்சா பாட்டுப் பாடுது. அரைமணி நேரமா ஒரே பாட்டு. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

டோக்கன் அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "நட. போற வழியில சொல்லு. வீட்டுல யார் யாரு இருக்கீங்க?"

"அவரு, எங்க அத்தை, நான். மாடியில குடியிருக்கிற வீடியோக்காரரும் எங்க நெட்டைத்தான் பயன்படுத்துறாரு." கிரேன்காரம்மா நடந்துகொண்டே குரலைத் தாழ்த்தினார். "மூணு பேருக்கும் நான் போறது பிடிக்கலக்கா. நேத்து ராத்திரி அவரு, 'நீ மேல ஏறினா கீழ எனக்கு உசுரு நிக்காது'ன்னு சண்டை. அத்தை ஒரு வாரமா 'ஆகாசத்துல என்ன வேலை, தரையில வேலையே இல்லையா'ன்னு முணுமுணுப்பு. வீடியோக்காரர்கிட்ட, 'நாலு மணியில இருந்து ஒரு மணி நேரம் நெட்டை விட்டுக் குடுங்க, நீங்க வீடியோ ஏத்தினா எங்களுக்கு நத்தை மாதிரி ஊருது'ன்னு கேட்டேன். 'பாக்கலாம்'னாரு."

"'பாக்கலாம்'னா?" என்றான் ராக்கெட்.

"முடியாதுன்னு அர்த்தம்."

"அண்ணி! மூணு பேரு, மூணு காரணம்! கேஸு பிரமாதம்!"

"அவங்களுக்கு வயித்துல நெருப்பு, உனக்குப் பிரமாதமா?" என்றார் டோக்கன் அக்கா. ராக்கெட் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

வீட்டு வாசலில் கையால் எழுதிய பெயர்ப் பலகை. 'நிழல்' என்று தமிழில் கொழுகொழுவென்று எழுதி, கீழே அதையே ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தது. ழ வரும் இடத்தில் இசட், எச் இரண்டும் மற்ற எழுத்துகளைவிட ஒரு சுற்றுப் பெரிது.

"இது என்னண்ணே, இசட் மட்டும் இவ்வளவு பெருசு?" என்றான் ராக்கெட், வாசலிலேயே நின்றிருந்த கணவரிடம். அவர் தொழிலே போர்டு எழுதுவது. விரல் நகமெல்லாம் நீலப் பெயின்ட்.

"ழன்னா அப்படித்தான் எழுதணும் தம்பி. எல் போடுங்கன்னு சொல்ற ஆளுக்கு நான் போர்டே எழுதித் தரமாட்டேன்." சொல்லிவிட்டு மனைவியின் காலைப் பார்த்தார். "என் செருப்பை எங்கடீ தேடுறதுன்னு இருந்தேன்."

கூடத்தில் இஸ்திரி மேசை. அதன் பின்னால் மாமியார். அவர் கை ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. இஸ்திரிப் பெட்டி சூடாகவே இல்லை என்பதை டோக்கன் அக்கா கவனித்தார்.

"வாம்மா, வா. நீயாச்சும் பாரு," என்றார் மாமியார். "காலையில இருந்து பூட்டிக்கிச்சு. யாரு போயி என்ன பண்றது? இவன் பத்துத் தடவை அணைச்சு அணைச்சுப் போட்டான். பளைய நெட்டுப் பெட்டி வேற."

"எங்கம்மா அதுல சமையல் வீடியோ பாக்க முடியலைன்னு காலையில இருந்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தபடியே இருக்காங்க," என்றார் போர்டுக்காரர்.

"ஆமா, வீடியோ பாக்கத்தான் நான் அளுறேன்! போடா!"

மாமியாரின் கண்கள் நிஜமாகவே சிவந்திருந்தன.

நெட்டுப் பெட்டி, கதவுக்கு மேலே ஒரு மரப்பலகையில் இருந்தது. கிரேன்காரம்மா முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். ஏறியதும் மாமியாரின் வாயிலிருந்து தானாக வந்தது, "விளாம, விளாம!"

போர்டுக்காரர் சிரித்துவிட்டார். "பாத்தீங்களா? முக்காலிக்கே இது. இவ கிரேனுக்குப் போயிட்டிருந்தப்ப எங்கம்மா ஒரு நாளாச்சும் போயிட்டு வான்னு சொன்னதில்ல. 'விழாம வா', அவ்வளவுதான். தெருவே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். விளாம வந்தாளா இல்லையா?"

டோக்கன் அக்காவும் முக்காலியில் ஏறிப் பார்த்தார். அவசரப்படவில்லை. பலகையில் மாதக்கணக்கான தூசி. அதில் பெட்டி இருந்த இடம் மட்டும் கட்டம் கட்டியதுபோலச் சுத்தமாக இருந்தது. ஆனால் பெட்டி அந்தக் கட்டத்துக்குள் இல்லை. ஓர் அங்குலம் தள்ளி, விளக்குகள் சுவரைப் பார்க்கும்படி முதுகைக் காட்டி நின்றது. அடியில் ஒரு பழந்துணி, நாலாக மடித்து வைத்திருந்தது. மடிப்பு கத்தி வைத்த மாதிரி நேராக இருந்தது.

அவர் பெட்டியை மெதுவாகத் திருப்பினார். விளக்குகள் எல்லாம் பச்சை. கண் சிமிட்டிக்கொண்டு ஆரோக்கியமாக இருந்தன. கவிழ்த்துப் பார்த்தார். பெட்டி முழுக்கத் தூசி, அடியில் ஒட்டிய கம்பெனிச் சீட்டு மட்டும் துடைத்துப் பளிச்சென்று இருந்தது.

"தம்பி, பச்சை எரியுதே?"

"அதான் அண்ணி புரியல! லைன் வருது. கரன்ட் வருது. ஒயர் எல்லாம் சரி. பெட்டி நல்லா இருக்கு!" ராக்கெட் தன் போனை எடுத்தான். "வீட்டு நெட்டு பேரும் தெரியுது. அண்ணே, பாஸ்வேர்ட் சொல்லுங்க."

போர்டுக்காரர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். ராக்கெட் அடித்தான். அவன் முகம் மாறியது. திரும்ப அடித்தான். துள்ளிவிட்டான்.

"தப்பாம்! பாஸ்வேர்ட் தப்புன்னு சொல்லுது! அண்ணி, நெட்டு சாகவே இல்ல. யாரோ பாஸ்வேர்டை மாத்திட்டாங்க!"

"சிவப்பா என்னமோ வந்துச்சு. நெட்டு இல்லைங்கிறதத்தான் அப்படிச் சொல்லுதுன்னு நெனச்சேன்," என்றார் போர்டுக்காரர்.

கிரேன்காரம்மா சட்டென்று திரும்பினார். கணவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது கேள்வியா குற்றச்சாட்டா என்று சொல்ல முடியாது. போர்டுக்காரர் கையை உதறினார். "ஏய், நான் இல்லடி! சத்தியமா இல்ல. எனக்குப் பயம்தான். அதுக்காக இப்படியா பண்ணுவேன்?"

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். வீடியோக்காரர் இறங்கி வந்தார், கழுத்தில் பெரிய ஹெட்போன். "என்னங்க, நெட்டு எப்ப வரும்? கல்யாண வீடியோ இன்னிக்கு ஏத்தணும். பொண்ணு வீட்டுல போன் மேல போன். மாப்பிள்ளை தாலி கட்டுறப்ப தும்மினாரே, அதை வெட்டிட்டீங்களான்னு கேட்டு உயிரை எடுக்கிறாங்க."

"நீங்கதானே 'பாக்கலாம்'னு சொன்னது?" என்று ராக்கெட் அவர் முன்னால் போய் நின்றான்.

"எதைப் பாக்கலாம்?"

"நாங்க பாத்துட்டோம்!"

"தம்பி," என்றார் டோக்கன் அக்கா. ராக்கெட் அடங்கினான். ஆனால் கால் அடங்கவில்லை. "அண்ணி, எதுக்கு விசாரணை? பெட்டிக்குப் பின்னால ஊசி ஓட்டை இருக்கு. ஒரு ஊசியை விட்டு அமுக்கினா எல்லாம் அழிஞ்சு புதுசா ஆரம்பிக்கும்."

"எல்லாம்னா?"

"எல்லாம்தான். பாஸ்வேர்ட், கம்பெனிக்காரன் உள்ள போட்டு வெச்ச கணக்கு…" அவன் சுருதி இறங்கியது. "அது போனா லைனே வராது. அவங்க ஆள்தான் வந்து போடணும். நாளைக்கு."

"அப்ப ஊசியை எடுத்து வை. உள்ள போயி மாத்துறதுக்கு வழி?"

"அந்தச் சீட்டுல இருக்கிற நம்பரைப் போட்டா பெட்டிக்குள்ள போகலாம். ஆனா அதுக்கு முதல்ல நெட்டுல சேரணும். சேரத்தான் பாஸ்வேர்டு இல்லையே! இல்லைன்னா ஒயர் போட்டுக் கம்ப்யூட்டர்ல சொருகணும். டேப்புல ஒயர் ஓட்டை கிடையாது."

"என் கம்ப்யூட்டர்லயும் கிடையாது," என்றார் வீடியோக்காரர். "மெல்லிசா இருக்கணும்னு வாங்கினேன்."

சுவர்க் கடிகாரம் மூன்றரையைத் தொட்டது. கிரேன்காரம்மா இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலைவாரி, நல்ல சட்டை போட்டு, காலையிலிருந்தே தயாராக இருந்த முகம் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்துகொண்டிருந்தது.

"அவ்வளவுதான் போல," என்றார்.

"அப்படிச் சொல்லாதம்மா," என்றார் மாமியார். "நீ போகணும்னு எங்க அக்காகிட்டகூட வேண்டிக்கச் சொல்லி நேத்து மெசேஜ் அனுப்பினேன். நானே அடிச்சேன், இங்கிலீசு எளுத்துல."

போர்டுக்காரர் அந்த நேரத்திலும் வாயைப் பொத்திக்கொண்டார். "அதைச் சொல்லாதீங்கம்மா. மருமகளுக்கு நல்ல வழி கிடைக்கணும்னு அடிச்சிருக்காங்க. பெரியம்மா பதறிப்போய் எனக்குப் போன் பண்றாங்க, 'ஏன்டா, உங்கம்மா மருமகளுக்கு நல்ல வலி கிடைக்கணும்னு எழுதியிருக்கா, வீட்டுல என்னடா நடக்குது'ன்னு!"

வீடியோக்காரர் சிரித்தார். ராக்கெட் சிரித்தான். கிரேன்காரம்மாகூட அழுகைக்கு நடுவில் மூக்கால் சிரித்துவிட்டார். டோக்கன் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு குடையின் கைப்பிடியில் பல் தடத்தைப் பார்த்துவிட்டவர்போல நின்றார்.

"எல்லாரும் உக்காருங்க," என்றார். "எனக்கு ஒரு நாலு நிமிஷம் குடுங்க. தம்பி, போனைத் தயாரா வெச்சுக்க."

உட்கார்ந்தார்கள். மாமியார் மட்டும் மேசைக்குப் பின்னால் நின்றபடியே இருந்தார்.

"எங்க அறைக்கு ஒரு பெட்டி வருதுன்னு வைங்க," என்று ஆரம்பித்தார் டோக்கன் அக்கா. "பூட்டு உடைஞ்சிருந்தா திருடன் கை. பூட்டு புதுசா இருந்தா அது வேற கை. இந்த இன்டர்வியூவைக் கெடுக்கணும்னு நெனச்ச ஆளா இருந்தா என்ன பண்ணியிருப்பாரு? ஒயரைப் பிடுங்குவாரு. பெட்டியைக் கீழ தள்ளுவாரு. ஒரு நொடி வேலை. இங்க ஒயர் பத்திரமா இருக்கு, பெட்டி பத்திரமா இருக்கு, பூட்டு மட்டும் மாறியிருக்கு. வீட்டுக்குப் பூட்டு எதுக்கு மாத்துவோம்?"

"திருட்டுப் பயம்," என்றான் ராக்கெட்.

"யாரையோ வெளிய நிறுத்தணும். வேற யாரையோ உள்ள விடணும். அதுக்குத்தான் பூட்டு. இன்னிக்கு இந்த வீட்டுல வெளிய நிக்க வேண்டிய ஆள் யாரு?"

எல்லாரும் வீடியோக்காரரைப் பார்த்தார்கள். அவர் ஹெட்போனைத் தொட்டுக்கொண்டார். "நான் என்னங்க பண்ணினேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல. பண்ணிடுவீங்களோன்னு ஒருத்தருக்குப் பயம். நாலு மணிக்கு நீங்க தும்மல் வீடியோவை ஏத்தினா, இந்தப் பொண்ணு முகம் அங்க உறைஞ்சு நிக்கும். உங்ககிட்டக் கேட்டா 'பாக்கலாம்'னு சொல்றீங்க. அதனால ஒருத்தர் காலையில யாரும் பாக்காதப்ப முக்காலி போட்டு ஏறி, பெட்டியை இறக்கி, அடியில இருக்கிற சீட்டைத் துடைச்சுப் படிச்சு, உள்ள போயி பூட்டை மாத்தினாங்க. இன்டர்வியூவைக் கெடுக்க இல்ல. காப்பாத்த."

"அப்ப ஏன் சொல்லல?" என்று கத்தியேவிட்டார் கிரேன்காரம்மா. "யாரு அது? நான் காலையில இருந்து செத்துச் செத்துப் பொழைக்கிறேனே!"

"ஏன்னா புதுப் பூட்டு அவங்களுக்கே திறக்கல. அவங்க போனும் வெளிய வந்திருச்சு. இப்பப் போயி 'நான்தான் தொட்டேன்'னு சொன்னா, ஒரு வாரமா முணுமுணுத்த வாயி அது, வேணும்னே பண்ணினேன்னுதானே நெனப்பீங்க?"

இஸ்திரிப் பெட்டி 'டங்'கென்று தாங்கியில் உட்கார்ந்தது.

டோக்கன் அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. ராக்கெட்டைப் பார்த்தே பேசினார். "இந்த வீட்டுக்கு வந்ததுல இருந்து எல்லாரும் என்ன சொன்னீங்க? ஒருத்தர் 'செத்துப்போச்சு'. ஒருத்தர் 'நெட்டு இல்ல'. ஒருத்தர் 'எப்ப வரும்'. பாஸ்வேர்ட் மாறியிருக்குன்னு தம்பி கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே, ஒரே ஒருத்தர் மட்டும் 'பூட்டிக்கிச்சு'ன்னு சொன்னாங்க. அப்புறம் பெட்டிக்கு அடியில ஒரு பழந்துணி. பெட்டிக்கு யாராவது மெத்தை போடுவாங்களா? எதைக் கீழ வெச்சாலும் அடியில ஒரு துணியை மடிச்சுப் போடுற கை ஒண்ணு உண்டு. அந்த மடிப்பைப் பாத்தீங்களா? கையால மடிச்சது மாதிரியா இருக்கு?"

ராக்கெட் முக்காலியில் ஏறி அந்தத் துணியை எடுத்துவந்தான். போர்டுக்காரர் அதைப் பார்த்தார். பிறகு மேசைமேல் அடுக்கியிருந்த சட்டைகளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"அம்மா?"

மாமியார் சட்டைக் காலரைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அவங்களைக் கேக்காதீங்க," என்றார் டோக்கன் அக்கா. "பதறியிருக்காங்க. நாமளே திறப்போம். தம்பி, பாஸ்வேர்டுக்கு ஏதாச்சும் சட்டம் உண்டா?"

"எட்டு எழுத்தாச்சும் இருக்கணும் அண்ணி. குறைஞ்சா பெட்டி ஏத்துக்காது."

"மருமகளுக்காக ஒரு பூட்டு. மறந்துபோகாத சொல்லா இருக்கணும். மாடிக்காரருக்குத் தோணாத சொல்லா இருக்கணும். தினமும் இவளுக்காக வாயில வந்த சொல்லு எது?"

முதலில் சொன்னது கிரேன்காரம்மா. சத்தமே இல்லாமல்.

"விழாம வா."

"அடி தம்பி!"

ராக்கெட்டின் விரல் பறந்தது. ழவுக்கு இசட், எச் போட்டு அடித்தான். திரை சுற்றியது, சுற்றியது. "தப்பு அண்ணி!"

"நீ போர்டுக்காரர் மாதிரி எழுதுற. அவங்க வாயைக் கேட்டியா? பழைய பெட்டி அவங்களுக்குப் 'பளைய' பெட்டி. அழுறது 'அளுறது'. வழின்னு எழுதினா பெரியம்மா வலின்னு படிக்கிறாங்க. இசட் அவங்க கைக்கு வராது. எல் போடு."

ராக்கெட் எண்ணிக்கொண்டே அடித்தான். "வி, ஐ, எல், ஏ… எம், ஏ, வி, ஏ. எட்டு எழுத்து! சரியா எட்டு! அண்ணி, இதேதான்! இதே…"

திரை சுற்றியது. எல்லாத் தலைகளும் அந்தச் சின்னத் திரைக்கு மேல் குவிந்தன.

சிவப்பு. தப்பு.

"அய்யோ, நானும் அதத்தானே அடிச்சு அடிச்சுப் பாத்தேன்!" என்று மேசைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வெடித்தது. "அதேதான்! அந்த எட்டெளுத்துதான் போட்டேன்! நெட்டுத் திருடனை விரட்டுறது எப்படின்னு வீடியோவுல காட்டினான். அவன் சொன்னபடியே பண்ணினேன். பண்ணி முடிச்சதும் என்னையே விரட்டிருச்சு!" மாமியார் முகத்தைச் சட்டையால் மூடிக்கொண்டார். யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டை.

கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. டோக்கன் அக்காவின் நெற்றியில் முதல் முறையாக ஒரு கோடு விழுந்தது. சொல் சரி. ஆள் சரி. எழுத்தும் சரி. பிறகென்ன? அவர் கொழுந்தனைப் பார்த்தார்.

"தம்பி, இனிமே என் வேலை இல்ல, உன் வேலை. அவங்களும் இதைத்தான் அடிச்சிருக்காங்க, நீயும் இதைத்தான் அடிக்கிற. பெட்டி வேற எதையோ பிடிச்சு வெச்சிருக்கு. அவங்க அடிச்சது ஒண்ணு, அதுல விழுந்தது ஒண்ணு. எப்படி?"

ராக்கெட் வாழ்க்கையில் முதல் முறையாகப் பேசாமல் நின்றான். கடையில் நாள் முழுக்க மற்றவர்கள் போனைக் கையில் வைத்திருப்பவன். உதடு மட்டும் அசைந்தது. பிறகு தன் தலையில் தானே ஒரு போடு போட்டுக்கொண்டான்.

"பெருசு! பெருசு அண்ணி! வெறும் கட்டத்துல எழுதுறப்ப முதல் எழுத்தைப் போன் தானாவே பெருசாக்கிடும்! மெசேஜ்ல ஆக்குமே, அது மாதிரி! பெட்டிக்குள்ள இருக்கிறது பெரிய வி. நெட்டுல சேர்றப்ப புள்ளி புள்ளியா வரும்ல, அங்க பெருசாக்காது. அம்மா அங்க அடிச்சது சின்ன வி!"

கிரேன்காரம்மாவின் டேப்பைப் பறித்துக்கொண்டான். முதல் எழுத்தைப் பெரிதாக்கி, மற்ற ஏழையும் அடித்தான். சுற்றியது. நின்றது. விசிறி மாதிரி மூன்று கோடுகள் திரையின் மூலையில் முழுசாக எழுந்தன.

"வந்துருச்சு!"

கூச்சலில் கூரை போயிருக்க வேண்டும். போர்டுக்காரர் மனைவியைத் தூக்கியே விட்டார். அவர் இறங்கித் திமிறி, டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அறைக்கு ஓடினார். பாதியில் திரும்பி வந்தார். மேசையைச் சுற்றிப் போய் மாமியாரின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டார்.

"காலையிலயே சொல்லியிருக்கலாம்ல அத்தை?"

"நீ நம்பியிருப்பியா?"

கிரேன்காரம்மா தலையைக் கீழே போட்டார். மாமியார் அவருடைய சட்டைக் காலரை இழுத்து நேராக்கிவிட்டார். "போ போ. நேரமாச்சு. விளாம வா."

கதவு சாத்திக்கொண்டது. கடிகாரம் நாலு அடித்தது.

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, மூச்சுவிடவும் கூச்சப்பட்டு நின்றார்கள். வீடியோக்காரர் ஓசைப்படாமல் மாடிப்படியை நோக்கி நகர்ந்தார். கையில் போன். அதன் மூலையிலும் மூன்று கோடுகள் முழுசாக இருந்தன.

"இந்தாப்பா," என்று கிசுகிசுத்தார் மாமியார். "காது குடுத்துக் கேட்டுட்டியா? இங்க வை."

"அம்மா, நான் சும்மா…"

"வைங்கிறேன்."

போன் இஸ்திரி மேசைமேல் வந்தது. மாமியார் அதன்மேல் நாலாக மடித்த துணி ஒன்றைப் போட்டு, சூடில்லாத இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தார். "ஒரு மணி நேரம் களிச்சு எடுத்துக்க. மாப்பிள்ளை தும்மல் எங்கயும் ஓடிடாது."

அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போனது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ராக்கெட் கதவில் காதை வைக்கப் போனான். டோக்கன் அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். போர்டுக்காரர் நகத்தில் இருந்த நீலத்தையெல்லாம் சுரண்டி முடித்தார். கடைசியில் தாழ்ப்பாள் திறந்தது.

கிரேன்காரம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டேப்பை மேசைமேல் வைத்தார். அடியில் துணி போடத்தான் மாமியார் கையை நீட்டினார்.

"என்னடி ஆச்சு?" என்றார் போர்டுக்காரர். "சொல்லித் தொலையேன்!"

"வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. சீருடைக்கு அளவு எடுக்க."

ராக்கெட் பறந்தான். நிஜமாகவே பறந்து முக்காலியில் இடித்துக்கொண்டான். வீடியோக்காரர் கைதட்டினார். போர்டுக்காரர் உட்கார்ந்துவிட்டார். அவருக்குச் சிரிப்பு வந்ததா பயம் வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. "என்ன கேட்டாங்க, எல்லாம் சொல்லு," என்றார்.

"திரையில கிரேனை ஓட்டச் சொன்னாங்க. ஓட்டினேன். கடைசியா ஒரு கேள்வி. அவ்வளவு உயரத்துல ஏறுறப்ப உங்க மனசுல என்ன ஓடும்னு கேட்டாங்க." கிரேன்காரம்மா மாமியாரைப் பார்த்தார். "எங்க வீட்டு பாஸ்வேர்டைச் சொல்லிட்டேன்."

டோக்கன் அக்கா அப்போதுதான், அந்த நாளில் முதல் முறையாக, வாய்விட்டுச் சிரித்தார். மாமியார் மட்டும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மருமகளை மேலும் கீழும் பார்த்தார்.

"துறைமுகம் முளுக்கச் சொல்லிட்டியா? போச்சு போ. தம்பி ராக்கெட்டு, அந்த முக்காலியைப் போடு. மறுபடியும் மாத்தணும்."